சாமத்திய வீட்டுக்கு முதல், பிள்ளைட முகத்துக்கு எதையும் பூசாதீங்க, இதை ஒருக்கா வாசிங்க

நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம் இருக்கிறன். அக்கா குவைத்துக்கு வேலைக்குப் போய்க் கனகாலம், அவட மகள் எங்கட அம்மாவோடயும் என்னோடயும்தான் வளருறா. 11 வயசுலயே அவ பெரியபிள்ளையாகிட்டா. இப்ப கனபேருக்கு அப்பிடித்தான், ஒன்பது பத்து வயசுலயே உடம்பு மாறத் தொடங்கிடுது, ஆனா மனசு பொம்மை விளையாடுற மனசுதான். தண்ணி வார்த்தது வீட்டோட முடிஞ்சுது. பெரிய சடங்கு அக்கா லீவுல வந்த பிறகு மண்டபம் எடுத்துச் செய்யிறதெண்டு முடிவு. அதுக்கு இடையில அந்தப் பிள்ளைட முகத்துக்கு நடந்ததும், அதைச் சரியாக்க நாங்க பட்ட பாடும்தான் இது. அக்கா தூரத்துல, அம்மாக்கு வயசு, வீட்டுல வேற ஆம்பிளையும் இல்ல, எல்லாத்தையும் நான் ஒத்தையாத்தான் ஓடித் திரிஞ்சு விளங்கிக்கொண்டன். ஒரு ஆள் முதலே சொல்லித் தந்திருந்தா அவ்வளவு அழுகை, அவ்வளவு காசு மிச்சமாயிருக்கும், அதனாலதான் ஒண்டும் விடாம எழுதுறன்.

எங்கட ஊருகள்ல சாமத்திய வீடெண்டா இப்ப அல்பம்தான் முதல். மண்டபம் புக் பண்ண முதலே கமராக்காரரப் புக் பண்ணுறாங்க. பிள்ளைட நிறத்தப் பத்திக் கதைக்காத சொந்தக்காரரே இல்ல. "புள்ள கொஞ்சம் கருத்துப்போச்சு, போட்டோல எடுபடாது" எண்டு பிள்ளைக்கு முன்னாலயே சொல்லுவாங்க. அவட நிறம் அக்காட நிறம், எங்கட அம்மாட நிறம், வம்சத்துக்கே உள்ள நிறம். அதுல என்ன குறை? ஆனா 11 வயசுப் பிள்ளை அதைக் கேட்டுக் கேட்டுக் கண்ணாடிக்கு முன்னால நிக்கத் தொடங்கிடுவா. நான் முன்பள்ளிக்குப் படிப்பிக்கப் போற ஆள், ஒருநாள் நான் வேலைக்குப் போன நேரம் மாமி ஒராள் பிள்ளையக் கூட்டிக்கொண்டு ரவுணில உள்ள ஒரு பியூட்டி பார்லருக்குப் போயிருக்கா. ஃபேஷியல், பிளீச், கிளீன் அப் எல்லாம் சேத்துப் பெக்கேஜ் 12,000 ரூபாய், அதோட இரவில பூச எண்டு ஒரு சின்ன வெள்ளை டப்பா 2,500 ரூபாய். டப்பால பேர் இல்ல, கொம்பனி இல்ல, என்ன சேத்திருக்கெண்டும் இல்ல. "நாங்களே மிக்ஸ் பண்ணுறது, பத்து நாளையில ரிசல்ட் தெரியும்" எண்டு சொல்லிக் குடுத்திருக்காங்க.

ரிசல்ட் தெரிஞ்சதுதான். அதுதான் இதுல உள்ள பெரிய ஆபத்து. முகம் பளபளத்து, இருந்த நாலஞ்சு பருவும் மறைஞ்சு, நிறமும் ஒரு படி ஏறிச்சு. பாக்கிற ஆக்கள் எல்லாரும் "என்ன பூசுறீங்க" எண்டு கேட்டாங்க. அம்மாக்கும் சந்தோசம், பிள்ளைக்கும் சந்தோசம். எனக்கு மட்டும் மனசு ஒப்பல்ல, மஞ்சள் பூசினாக்கூட இப்பிடிக் கெதியா ஒண்டும் நடக்காதே எண்டு யோசிச்சன். டப்பா முடிஞ்சு ரெண்டு மூண்டு நாள் இடைவெளி விட்டதும் முகம் சிவந்து பத்தி எரியத் தொடங்கிச்சு. கன்னம், நாடி, வாயச் சுத்தி எல்லாம் ஒரே அளவுச் சின்னச் சின்னப் பரு. வெயிலுக்குப் போனா அழுவா, அடுப்படிக்குள்ள வந்தா அழுவா. கன்னத்துல மெல்லிய மயிர் கூடத் தொடங்கிச்சு. மறுகா மாமி இன்னொரு டப்பா வாங்கிக்கொண்டு வந்தா, அதைப் பூசினதும் ரெண்டு நாளையில எல்லாம் அடங்கிச்சு. நிப்பாட்டினா திரும்பவும் அதே எரிச்சல், முதல் இருந்ததவிடக் கூட. இந்த ஒழுங்க நல்லா மனசுல வச்சிக்கொள்ளுங்க: பூசினா நல்லாகுது, விட்டா முதலவிட மோசமாகுது எண்டா அது கிறீம் பத்தாமப் போறதில்ல, அந்தக் கிறீம்தான் நோய்.

ஆஸ்பத்திரிக்குப் போக முதல் இடையில நடந்ததையும் சொல்லணும், ஏனெண்டா எல்லா வீட்டுலயும் நடக்கிறது இதுதான். ஒரு பாமசில முகத்தக் காட்டிக் கேட்டம், அவங்க ஒரு டியூப் தந்தாங்க, 600 ரூபாய்க்குக் கிட்ட. அதுவும் ஸ்டீரொய்ட், அதாவது தோல் அழற்சிய அடக்கிற மருந்து, கலந்த டியூப் எண்டு பின்னாலதான் தெரிஞ்சுது, பங்கசுக்கும் கிருமிக்கும் சொறிக்கும் எல்லாத்துக்கும் ஒண்டாக் குடுக்கிற வகை. பக்கத்து வீட்டு அக்கா தேசிக்காய்ப் புளிய மஞ்சளோட குழைச்சுப் பூசச் சொல்லி, அம்மா நான் இல்லாத நேரம் பூசிவிட்டு பிள்ளை அப்பிடியே முத்தத்துல வெயில்ல நிண்டிருக்கா. தேசிக்காய்த் தண்ணி தோல்ல இருக்கேக்க வெயில் பட்டா ரசாயன எரிகாயம் மாதிரி ஆகும், தெரியுமா? எனக்குத் தெரியாது. நெத்தியிலயும் கன்னத்துலயும் வழிஞ்ச வழிக்குக் கறுப்புத் தடம் விழுந்து மாசக்கணக்கா இருந்துச்சு. அதுக்கு மேல சித்தப்பாட மகள் டிக்டொக்ல பாத்து வாங்கின விட்டமின் சி சீரமும், சலிசிலிக் அசிட் ஃபேஸ் வொஷும் இரக்கப்பட்டுக் குடுத்தா. காயப்பட்ட தோல்ல அசிட்! அண்டைக்கு இரவு பிள்ளை ஃபேனுக்கு முன்னால முகத்த வச்சபடி தூங்காம இருந்தா, நானும் தூங்கல்ல.

அதோட எல்லாத்தையும் ஒரு பேக்ல போட்டுக் கட்டிக்கொண்டு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போனன். ஓ.பி.டில காட்டி அங்க இருந்து தோல் கிளினிக்குக்கு எழுதித் தந்தாங்க. காத்திருக்கத்தான் வேணும், காலையில வெள்ளன பஸ் ஏறணும், ஆனா அங்க எனக்குச் செலவு பஸ் காசு மட்டும்தான். இதைச் சொல்லுறது ஏனெண்டா கனபேர் "தோல் டொக்டர் எண்டா பிரைவேட்ல காசு கட்டிச் சனல் பண்ணணும், அஞ்சு பத்தாயிரம் முடியும்" எண்டு பயந்து பார்லருக்கே திரும்பிப் போறாங்க. அம்பாறைப் பக்கம் உள்ளவங்களும் முதல்ல கிட்டவுள்ள ஆதார வைத்தியசாலை ஓ.பி.டிக்குப் போங்க, தேவையெண்டா அங்க இருந்து தோல் கிளினிக்குக்கு அனுப்புவாங்க.

டொக்டர் பிள்ளையோடதான் முதல் கதைச்சா. "மகள் என்ன பூசின நீங்க" எண்டு மெதுவாக் கேட்டா, ஏசல்ல. நான் பேக்கைக் கொட்டினதும் பேரில்லாத அந்த டப்பாவத்தான் முதல்ல எடுத்தா. முகத்துல உள்ள மாதிரியப் பாத்தா கடும் ஸ்டீரொய்ட் கலந்திருக்கு, பாதரசம் இருக்கா இல்லையா எண்டு லாப்ல பாத்தாத்தான் சொல்லலாம் எண்டு சொன்னா. எனக்குக் கை நடுங்கிச்சு. பாதரசமா, முகத்துக்கா? ஓம், முகத்துக்குத்தான். தோலுக்கு நிறம் குடுக்கிற பொருள் உண்டாகிறத பாதரசம் தடுக்கும், அதனால வெள்ளையாகும், ஆனா அது தோலுக்குள்ளால உடம்புக்குப் போய்ச் சிறுநீரகத்தத்தான் முதல்ல பழுதாக்கும். பூசின ஆளோட நிக்காது, தலையணை உறை, துவாய், கட்டிப்பிடிச்சுப் படுக்கிற சின்னப் பிள்ளை எண்டு வீட்டுக்கே பரவும். உலக நாடுகள் சேந்து செஞ்ச மினமாட்டா ஒப்பந்தத்துல ஒரு மில்லியன்ல ஒரு பங்குக்கு மேல பாதரசம் உள்ள கிறீம்கள 2020க்குப் பிறகு செய்யவும் கூடாது, ஏத்தி இறக்கவும் கூடாது எண்டு வச்சாங்க, 2023ல அந்த அளவையும் எடுத்துப்போட்டு 2025க்குப் பிறகு அழகுசாதனத்துல பாதரசமே சேக்கக் கூடாது எண்டு முடிவெடுத்தாங்க. அப்பிடியிருந்தும் பேரில்லாத டப்பாவுக்குள்ள என்ன இருக்கெண்டு ஆரு பாக்கிறது? பிள்ளைக்குச் சலம் சோதிச்சு, பிரஷர் பாத்து, ரத்தமும் எடுத்தாங்க. அந்த ரிப்போட் வரும் வரைக்கும் எனக்குச் சோறு இறங்கல்ல. கடவுளே எண்டு சிறுநீரகத்துக்கு ஒண்டும் இல்ல.

இந்த ஸ்டீரொய்ட் கிறீம் கெட்ட மருந்தில்ல, எக்சிமா மாதிரித் தோல் அழற்சிக்கு டொக்டர் அளவாக் குடுத்தா நல்லது. முகத் தோல் மெல்லிசு, அதுலயும் பிள்ளைகள்ட உடம்பு அளவுக்கு அது கூட உறிஞ்சப்படும், அதனாலதான் கிழமைக்கணக்கா முகத்துல பூசினா தோல் மெலிஞ்சு, ரத்தக் குழாய் வெளியில தெரிஞ்சு, பருவும் மயிரும் வந்து, விட்டதும் எரியிறது. லேபல் உள்ள கிறீம் வாங்கினாலும் இந்தப் பேருகள் இருக்கா எண்டு பாருங்க: குளோபெட்டசோல், பீட்டாமெதசோன், மொமெட்டசோன், டெக்சாமெதசோன். டொக்டர் எழுதாம இதுகள முகத்துக்கு வாங்காதீங்க. பாதரசத்துக்கு மேர்க்கியூரி, கலோமெல், மேர்க்குரஸ் குளோரைட், அமோனியேட்டட் மேர்க்கியூரி எண்டு போட்டிருக்கும். சிலதுல பேரே இருக்காது, "தங்க நகை, வெள்ளி, அலுமினியத்துல படவிடாதீங்க" எண்டு மட்டும் எச்சரிக்கை இருக்கும், அதுவும் பாதரசத்துக்கான அடையாளம்தான். லேபல்ல செஞ்ச ஆள்ட விலாசம், சேத்த பொருள்கள், பெட்ச் நம்பர், காலாவதித் திகதி, வெளிநாட்டுச் சாமான் எண்டா இஞ்ச இறக்கின ஆள்ட பேர், இதுல ஒண்டு இல்லாட்டியும் பிள்ளைட முகத்துக்கு வேண்டாம். ஃபேன்சி கடையில விலை குறைச்சுத் தந்தாலும் வேண்டாம், கல்ஃப்ல இருந்து மாமா கொண்டு வந்தாலும் வேண்டாம்.

அக்காக்குச் சொல்லுறதுதான் எனக்கு இதுல எல்லாத்தவிடக் கஷ்டமாயிருந்துச்சு. வீடியோ கோல் எடுத்தா பிள்ளை முகத்தக் காட்ட மாட்டா, சீலிங்கத்தான் காட்டுவா. "என்ன நடக்குது அங்க, என்ட புள்ளய ஏன் மறைக்கிறீங்க" எண்டு அக்கா ஒருநாள் கத்தி அழுதா. சொன்னன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அவ அங்க ஆற்றயோ பிள்ளைகளக் குளிப்பாட்டிச் சாப்பாடு தீத்திக்கொண்டு இருக்கா, தன்ட பிள்ளைட முகத்துக்கு என்ன பூசுறாங்கெண்டு தெரியாம. பார்லருக்குப் போய்க் கேட்டன், "எங்கட கிறீம்ல அப்பிடி வராது, பிள்ளைட உடம்புதான் ஒத்துக்கொள்ளல்ல" எண்டு முகத்துக்கு நேரே சொன்னாங்க. காசும் தரல்ல. அந்தக் கோவம் எனக்கு இன்னும் போகல்ல. மண்டபத்துக்குக் கட்டின அட்வான்ஸ் 40,000 போச்சு, அக்காட டிக்கட்ட மாத்தவும் காசு, பெக்கேஜ், டப்பாக்கள், சீரம், டியூப் எல்லாம் கூட்டினா ஒரு லட்சத்துக்குக் கிட்ட. அக்கா மூண்டு நேரம் நிண்டு உழைச்ச காசு. அதவிடப் பெரிய நட்டம் பிள்ளை பள்ளிக்கூடம் போகாம ஒரு தவணைல பாதியக் கழிச்சது.

சுகமாக மாசக்கணக்கா எடுத்துச்சு. டொக்டர் அந்த டப்பாவ நிப்பாட்டி, வேற மருந்து தந்து படிப்படியாக் குறைச்சா. அந்த மருந்துட பேர நான் இஞ்ச எழுதமாட்டன், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொண்டு, பாத்துத்தான் குடுப்பாங்க. முதல் ரெண்டு மூண்டு கிழமை கண்கொண்டு பாக்க ஏலாது, கூடித்தான் குறையும் எண்டு டொக்டர் முதலே சொன்னதாலதான் தாங்கினன். அந்த நேரம் பயந்து திரும்பப் பழைய டப்பாவ எடுத்தா பட்ட பாடெல்லாம் வீண். எரியேக்க சுத்தமான துணிய குளிர் தண்ணில நனைச்சு வச்சுவிட்டம்.

அதுக்குப் பிறகு நான் கேட்ட கேள்வி, "டொக்டர், இனி இந்த வயசுப் பிள்ளைக்கு என்னதான் பூசுறது?" மூண்டே மூண்டு சாமான்தான் சொன்னா, எனக்கு நம்பவே ஏலாம இருந்துச்சு. முகம் கழுவ ஒண்டு, ஈரப்பதனுக்கு ஒண்டு, வெயிலுக்கு ஒண்டு. முகம் கழுவ வாசனை இல்லாத, நுரை குறைஞ்ச, மைல்ட் ஃபேஸ் வொஷ், காலையில ஒருக்கா பின்னேரம் ஒருக்கா, கையாலதான், பிரஷும் வேண்டாம் ஸ்க்ரப்பும் வேண்டாம். தோல் இயல்பா லேசான அமிலத்தன்மை உள்ளது, அமிலம், காரம் அளக்கிற பி.எச். கணக்குல 5.5 மட்டுல, சாதாரணக் கட்டிச் சவுக்காரம் 9, 10 எண்டு காரமா இருக்கும், அதனாலதான் கழுவினதும் முகம் இழுக்கிறது. பேபி சோப் எண்டு எழுதியிருந்தாலும் கட்டிச் சவுக்காரம் எண்டாக் கனக்க அப்பிடித்தான். கழுவின பிறகு முகம் இழுக்காம இருந்தா அது நல்ல சாமான், இதுதான் நான் கண்ட லேசான பரிசோதனை. மொய்ஸ்சரைசர் எங்கட புழுக்கத்துக்கு ஜெல் இல்லாட்டி லோஷன் வகை போதும், கிளிசரின், செரமைட் எண்டு போட்டிருந்தா நல்லது. வைகாசி, ஆனில கச்சான் காத்து வீசேக்க தோல் காய்ஞ்சு வெடிக்கும், அப்ப கொஞ்சம் தடிப்பானத எடுக்கலாம். சொண்டுக்கு வெறும் வஸ்லின்.

சண்ஸ்கிறீன்தான் விலை கூட, அதுலதான் நாங்க காசு செலவழிக்கணும், மத்ததுல மிச்சம் பிடிக்கலாம். வெயிலத் தடுக்கிற அளவான எஸ்.பி.எஃப் 30க்குக் குறையாம, வெயில்ல உள்ள யூ.வி.ஏ, யூ.வி.பி கதிர் ரெண்டையும் தடுக்கிறது, எரியிற தோலுள்ள பிள்ளைக்கு சிங்க் ஒக்சைட் உள்ளது நல்லது, கொஞ்சம் வெள்ளையாத் தெரியும், பரவாயில்ல. முகத்துக்கும் கழுத்துக்கும் ரெண்டு விரல் நீளத்துக்கு எடுக்கணும், பொட்டு வைக்கிற மாதிரித் தொட்டுப் பூசினா பிரயோசனமில்ல. விளையாட்டுப் போட்டிக்குப் பழகுற நாள்ல, கடலுக்குப் போற நாள்ல ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திரும்பப் பூசணும். வாங்க வசதியில்லாட்டிக் குடையும் தொப்பியும் பிடிங்க, அது உண்மையிலயே வேலை செய்யும். புதுசா எந்தச் சாமானெண்டாலும் முழங்கை மடிப்புல ஒரு கிழமை பூசிப் பாத்திட்டுத்தான் முகத்துக்கு.

பரு பத்தியும் சொல்லணும். 9, 10 வயசுல நெத்தியிலயும் மூக்குலயும் சின்னதா வாறது வயசுக்கு உரியது, அதைப் பாத்துப் பதறாதீங்க. எங்கட பிள்ளைகளுக்கு நெத்தியில கூட வாறதுக்கு ஒரு காரணம் தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெய். பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு பின்னல் இறுக்கிப் பின்னி எண்ணெய் வழிய விடுறம், வியர்வையோட அது நெத்திக்கு இறங்கித் துவாரத்த அடைக்குது. எண்ணெய் வையுங்க, முடிட நடுவுல இருந்து நுனிக்கு வையுங்க, தலையணை உறையக் கிழமைக்கு ஒருக்காலாவது மாத்துங்க. இதச் செஞ்சதுக்கே எங்கட பிள்ளைக்கு நெத்தியில பாதி குறைஞ்சுது. அதுக்கும் அடங்காம சீழ் வச்சு, தடம் விழுற மாதிரி வந்தா டொக்டர்ட்டக் காட்டுங்க, சின்ன வயசுக்கும் மருந்து இருக்கு, அளவத்தான் அவங்க பாத்துச் சொல்லணும்.

டிக்டொக்ல காட்டுற ரெட்டினோல், கிளைக்கோலிக் அசிட், விட்டமின் சி இதெல்லாம் பெரிய ஆக்கள்ட தோல் சுருக்கத்துக்கும் தடத்துக்கும் வந்த சாமான். 11 வயசுத் தோல்ல சுருக்கமா இருக்கு? அமெரிக்காவில நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆக்கள் 7 வயசுல இருந்து 18 வரையுள்ள பிள்ளைகள் போட்ட 100 டிக்டொக் வீடியோவ ஆராஞ்சு 2025ல பீடியாற்றிக்ஸ் சஞ்சிகையில எழுதினாங்க. ஒரு பிள்ளை சராசரி ஆறு சாமான் பூசுறா, கூடப் பாத்த வீடியோக்கள்ல தோல எரிக்கக்கூடிய பொருள்கள் சராசரி 11, ஆனா பகல்ல பூசுற வீடியோக்கள்ல சண்ஸ்கிறீன் இருந்தது 26 சதவீதத்துலதான். வேண்டாதது எல்லாம் இருக்கு, வேணுமானது இல்ல. பிள்ளைட்ட "பூசாத" எண்டு போனைப் பறிச்சா ஒளிச்சுப் பூசுவா. நான் அவவ இருத்தி அந்த மூண்டு சாமானையும் அவட கையாலயே தெரிவு செய்ய விட்டன், லேபல் வாசிக்கப் பழக்கினன். இப்ப கடையில அவதான் எனக்கு லேபல் வாசிச்சுச் சொல்லுறா.

சடங்கு பிறகு வீட்டுப் பந்தல்லயே வச்சம், அக்கா வந்து நிண்டா. மேக்கப் போட வந்த பிள்ளைட்ட முதலே சொல்லிவச்சன்: பிளீச் இல்ல, நிறத்தக் கூட்டுற ஃபவுண்டேசன் இல்ல, பிள்ளைட தோலுக்குச் சரியான நிறம்தான், கழுவின பிரஷ்தான், சண்ஸ்கிறீனும் மொய்ஸ்சரைசரும் எங்கட. ஒரு கிழமைக்கு முதல் காதுக்குப் பின்னால பூசிப் பாத்தம். மருதோண்டிக்கும் கவனமா இருங்க, கெதியாக் கறுப்பாப் பிடிக்கிற கோன்ல தலைமுடிச் சாயத்துக்குப் போடுற பி.பி.டி எண்ட பொருள் கலப்பாங்க, அது பிள்ளைகள்ட கையக் கொப்புளிக்க வச்சுத் தடம் விடும். நாங்க இலைய அரைச்சுத்தான் வச்சம், செம்மண் நிறத்துல நல்லாப் பிடிச்சுது.

இப்ப இதை வாசிக்கிற ஆற்றையாவது வீட்டுல அப்பிடி ஒரு டப்பா இருந்தா குப்பையில எறிஞ்சிடாதீங்க, பொலித்தீன்ல சுத்திக் கட்டி கிளினிக்குக்குக் கொண்டு போங்க, எப்ப தொடங்கினது, ஒருநாளைக்கு எத்தின தரம், எப்ப விட்டது எண்டு கடதாசியில எழுதிக்கொண்டு போங்க, முகம் மோசமான நாள்ல எடுத்த போட்டோவையும் காட்டுங்க, கிளினிக் நாள்ல சில நேரம் முகம் அடங்கித்தான் இருக்கும். பிள்ளை பூசின துவாய், தலையணை உறைய வேறயாக் கழுவுங்க. கால், முகம் வீங்கினா, சலம் நுரைச்சுப் போனா கிளினிக் நாள் பாத்துக்கொண்டு இருக்காம அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. கடையிலயோ பார்லர்லயோ லேபல் இல்லாம விக்கிறதக் கண்டா நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைட 1977 எண்ட நம்பருக்கு எடுத்துச் சொல்லலாம், இல்லாட்டி உங்கட பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ.ட்டச் சொல்லுங்க. பில் கேட்டு வாங்கி வையுங்க, எங்களுக்குப் பில் இல்லாததாலதான் பார்லர்க்காரங்க அப்பிடிக் கையக் கழுவினாங்க.